இடாப்பில் இல்லாத பிள்ளைக்குப் பாடம் நடத்திய எங்கள் அக்கா

இந்த நினைவு மலரைப் பதுளையில் அச்சுக்குக் கொடுக்கப் போனபோது, "அக்காவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அவர் பிறந்த நட்சத்திரம், திதி, உறவு முறைகள் எல்லாம் முன்பக்கங்களில் இருக்கின்றன. நான் எழுதுவது அவற்றில் இல்லாத ஒன்று. அக்காவின் இறுதிச் சடங்குக்கு வந்தவர்களில் பலர் என்னைத் தனியே அழைத்து, "அந்தப் பழைய பெக்டரியில நடந்ததெல்லாம் உண்மையா?" என்று கேட்டார்கள். அன்று பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. ஓராண்டு ஓடிவிட்டது. அக்கா கும்பிட்ட மாரியம்மன் சாட்சியாக, நான் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது லுணுகலைக்கு மேலே, எங்கள் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். அப்பா தேயிலை பெக்டரியில் வேலை பார்த்தார். அம்மா கொழுந்து பறித்தார். அக்கா உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். அம்மா விடியும் முன்பே வேலைக்குப் புறப்பட்டுவிடுவார். ரொட்டி சுட்டு, எனக்குத் தலை சீவி, கையைப் பிடித்துப் பாடசாலைக்கு இழுத்துக்கொண்டு போனவர் அக்காதான். எனக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்துகொள்வேன். "உனக்கு மண்டை நல்லாத்தான்டா இருக்கு, மனசுதான் இல்ல" என்று சொல்லித் தேடிப் பிடிப்பார்.

உயர்தரம் முடித்ததும் தோட்டப் பாடசாலையில் சம்பளம் இல்லாமல் கற்பித்தார். பிறகு உதவி ஆசிரியராக நியமனம் கிடைத்தது. பயிற்சியும் முடித்து, பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலையில் கணித ஆசிரியை ஆனார். திருமணப் பேச்சு வரும்போதெல்லாம் என்னை ஓர் ஆளாக்கிய பிறகு பார்க்கலாம் என்றார். நான் ஆட்டோ ஓட்டத் தொடங்கி, கலியாணமும் செய்துகொண்ட பிறகு மறுபடி கேட்டோம். "இப்போ கொப்பி திருத்தவே நேரமில்லையே" என்று சிரித்தார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

வகுப்பில் அவர் கண்டிப்பானவர். சிரித்த முகமாக இந்த மலரின் அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். வீட்டுக் கணக்குச் செய்யாத பிள்ளை அவர் கண்ணைப் பார்க்காது. கொப்பி கொண்டுவராத பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவைப்பார். தினமும் அவரை என் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனவன் நான். பாடசாலை வளைவில் ஆட்டோ திரும்பியதும் விளையாட்டுச் சத்தம் அடங்கிவிடும்.

பிறகு அந்த மழைக்காலம் வந்தது.

ஒரு கிழமையாக விடாமல் பெய்து, அன்று காலை சற்று ஓய்ந்திருந்தது. பிள்ளைகள் பாடசாலைக்கு நடந்துகொண்டிருந்த நேரத்தில் மலை இறங்கியது. ஒரு லயமும் அதன் பின்னால் இருந்த மரக்கறித் தோட்டங்களும் இருந்த இடம் தெரியவில்லை. வேலைக்குப் போனவர்கள் பிழைத்தார்கள். பாடசாலைக்குப் போனவர்கள் பிழைத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் பிழைக்கவில்லை. பெக்கோ இயந்திரங்கள் நாள் கணக்காகத் தோண்டின. எல்லோரையும் எடுத்தார்கள், அக்காவின் எட்டாம் தர வகுப்பில் படித்த தர்ஷினியைத் தவிர. அந்தப் பிள்ளையை மண் திருப்பித் தரவே இல்லை. அவள் ஏன் அன்று பாடசாலைக்குப் புறப்படாமல் வீட்டில் இருந்தாள் என்பது யாருக்கும் தெரியவில்லை. சுகமில்லாமல் இருந்திருப்பாள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

வீடிழந்த குடும்பங்களை மூடிக்கிடந்த ஒரு பழைய தேயிலை பெக்டரியில் தங்கவைத்தார்கள். கீழ்த்தளத்தில் சேலையும் தறப்பாளும் கட்டி மறைத்துக் குடும்பங்கள் இருந்தன. பாடசாலைக் கட்டடமும் ஆபத்தான இடத்தில் இருப்பதாகச் சொல்லி மூடியதால், எட்டாம் தரத்தை பெக்டரியின் மேல்மாடியில் நடத்தச் சொன்னார்கள். முன்பு கொழுந்து உலரப் போட்ட இடம் அது. வரிசையாகக் கம்பிவலைத் தொட்டிகள் கிடந்தன. அவற்றின் மேல் பலகை போட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் முழுவதும் ஜன்னல். மூடுபனி உள்ளே வந்தால் கடைசி வரிசைப் பிள்ளைகளின் முகம் தெரியாது. எத்தனையோ வருடம் வேலை நடக்காத இடமாக இருந்தும், மழை பெய்தால் வறுத்த தேயிலை மணம் வரும். கூரைத் தகரம் காரணமில்லாமல் டிக் டிக்கென்று சத்தம் போடும்.

வெளியிலிருந்து வந்த நல்ல மனிதர்கள் பை கொடுத்தார்கள், பேனை கொடுத்தார்கள், புதுக் கொப்பிகளைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தார்கள். ஒரு பிள்ளையும் அவற்றில் ஓர் எழுத்து எழுதவில்லை.

அடம்பிடித்திருந்தால் அக்காவுக்குச் சமாளிக்கத் தெரியும். இந்தப் பிள்ளைகள் அடம்பிடிக்கவில்லை. நேரத்துக்கு வந்தார்கள், உட்கார்ந்தார்கள், கொப்பியைத் திறந்தார்கள், பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார்கள். அவ்வளவுதான். கையைத் தாளின் மேல் வைத்துக்கொண்டு மணி அடிக்கும் வரை அப்படியே இருந்தார்கள். அக்கா திட்டிப் பார்த்தார். டொஃபி வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். பாட்டுப் பாடினார், அக்காவுக்குப் பாட வராது, அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. மற்ற ஆசிரியர்கள் சோம்பேறிகள் என்றார்கள். பிரசாந்த் என்றொரு பையன், முன்பெல்லாம் வகுப்பிலேயே பெரிய வாயாடி. அவனிடம் அக்கா கெஞ்சும் குரலில், "ஏன்டா எழுத மாட்டேங்கிற?" என்று கேட்டார். அவன், "எழுதி என்ன டீச்சர் ஆகப்போகுது?" என்றான். அதைச் சொல்லும்போது அவன் அக்காவைப் பார்க்கவில்லை. ஜன்னல் ஓரத்தைப் பார்த்தான்.

ஜன்னல் ஓரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. மற்ற தொட்டிகளில் பிள்ளைகள் தோளோடு தோள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அங்கே மட்டும் ஒரு பிள்ளை உட்காரும் அளவு பலகை வெறுமையாகக் கிடந்தது.

வரவு எடுக்கும் இடாப்பு புதிதாகத் தொடங்கப்பட்டிருந்தது. தர்ஷினியின் பெயரை அக்கா அதில் எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை என்றார். முதல் நாள் காலை பெயர் கூப்பிட்டுக்கொண்டு போனார். "கவிதா" என்றார். "உள்ளேன் டீச்சர்" என்று கவிதா சொன்னாள். அடுத்து "யோகேஸ்வரி" என்று கூப்பிட அக்கா வாயைத் திறக்கும் முன்பே, இன்னொரு குரல், "உள்ளேன் டீச்சர்" என்றது. பழைய இடாப்பில் கவிதாவுக்கும் யோகேஸ்வரிக்கும் நடுவில் இருந்த பெயர் தர்ஷினி.

யாரோ குறும்பு செய்வதாக அக்கா நினைத்தார். அடுத்த நாளும் கேட்டது. மூன்றாம் நாள் பெயர் கூப்பிடும்போது ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வாயும் அசையவில்லை. குரல் மட்டும் வந்தது. அன்று மாலை ஆட்டோவில் ஏறியதும் என்னிடம் சொன்னார்.

"புள்ளைங்க பயந்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லடா. ஒருத்தரும் சிரிக்கல, ஒருத்தரும் பயப்படல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

நான் நம்பவில்லை. மறுநாள் அவரை இறக்கிவிட்டுப் போகாமல் மாடிப்படியில் நின்றேன். மரப்படி, மேலே வகுப்பு தெளிவாகத் தெரியும். நல்ல வெளிச்சம் இருந்தது. கவிதா பதில் சொன்னாள். பிறகு அது கேட்டது. சின்னக் குரல். சளி பிடித்த பிள்ளை பேசுவதுபோல, தொண்டையில் எதுவோ அடைத்துக்கொண்டு வந்தது. என் கை மயிர் நட்டுக்கொண்டது. பிள்ளைகளோ அடுத்த பெயருக்காகச் சாதாரணமாகக் காத்திருந்தார்கள்.

விஷயம் கீழ்த்தளத்துக்கு இறங்க நேரம் ஆகவில்லை. பெற்றோர் கூடிப் பேசி ஒரு கோடாங்கியை அழைத்துவந்தார்கள். அவர் உடுக்கு அடித்து, விபூதி போட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் கையில் கறுப்புக் கயிறு கட்டினார். கட்டி முடித்ததும் யோகேஸ்வரி கையை நீட்டினாள்.

"உனக்குத்தான் கட்டியாச்சே, பாப்பா."

"இன்னொண்ணு குடுங்க. அவளுக்குக் கட்டல."

கோடாங்கி உடுக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். மறுபடி வரவில்லை.

அக்கா இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். வேறு பாடசாலைக்கு மாற்றம் கேட்கலாம் என்று நான் சொன்னேன். "நான் போயிட்டா அந்தப் புள்ளைங்களுக்கு யாருடா பேர் கூப்பிடுறது?" என்றார். மூன்றாம் நாள் காலை முகம் கழுவி, சேலை உடுத்தி, ஆட்டோவில் வந்து உட்கார்ந்தார்.

அன்றும் நான் படியில்தான் நின்றேன். குரல் வந்ததும் அக்கா இடாப்பை மூடி மேசையில் வைத்தார். யோகேஸ்வரியின் முன்னால் போய் நின்றார்.

"தர்ஷினி அன்னைக்கு ஏன் ஸ்கூலுக்கு வரல?"

யோகேஸ்வரிதான் பேசினாள்.

"வந்தா டீச்சர். எங்களோடதான் நடந்து வந்தா. கோயில்கிட்ட வந்ததும் கணக்குக் கொப்பிய மறந்துட்டேன்னா. கொப்பி இல்லாட்டி டீச்சர் வெளிய நிப்பாட்டுவாங்கன்னு திரும்பி ஓடுனா. நாங்க நிக்கிறோம்னுதான் சொன்னோம். நின்னுக்கிட்டுத்தான் இருந்தோம்."

அக்காவுக்கும் எனக்கும் அப்போதுதான் அந்தப் பிள்ளைகள் ஏன் எழுதவில்லை என்பது புரிந்தது. அவர்களுக்குச் சோம்பலும் இல்லை, மறதியும் இல்லை. கொப்பி என்றால் அவர்களுக்கு அந்தக் காலைதான்.

அக்கா படிக்கு வந்தார். "தண்ணி இருக்காடா?" என்றார். போத்தலைக் கொடுத்தேன். குடித்ததைவிடச் சேலையில் கொட்டியதே அதிகம். வீட்டுக்குப் போய்விடலாம் என்று மெல்லச் சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்து உள்ளே போனார்.

பிள்ளைகளிடம் அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுத முயல்கிறேன்.

"கொப்பி இல்லாம வரக்கூடாதுன்னு சொன்னது நான்தான். உங்கமேல ஒரு தப்பும் இல்ல. அவமேலயும் இல்ல. இனிமே இந்த வகுப்புல கொப்பி இல்லேன்னு யாரையும் வெளிய நிப்பாட்ட மாட்டேன். ஆனா அவ தெனமும் வர்றா. உள்ளேன்னு சொல்றா. நாம அவளுக்கு ஒண்ணுமே சொல்லிக் குடுக்காம வீட்டுக்கு அனுப்புறோம். அது நல்லா இருக்கா?"

முதல் தடவையாகப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள்.

"அவளுக்குக் கணக்குல எது வராது?"

"பின்னம்," என்றான் பிரசாந்த். "பின்னத்தக் கூட்டச் சொன்னா மேலயும் கீழயும் சும்மா கூட்டிருவா டீச்சர்."

"யாரு அவளுக்குச் சொல்லிக் குடுக்கிறது?"

பிரசாந்த் எழுந்தான். பிறகு தலையைச் சொறிந்தான். "எனக்கும் அது சரியா வராதே" என்றான்.

"அப்போ வா. மொதல்ல நீ கத்துக்க."

அன்றுதான் கரும்பலகையில் எழுதியதைப் பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். அன்று தொடங்கிய முறை அந்த வருடம் முழுவதும் நடந்தது. அக்கா பாடம் நடத்துவார். பாடம் முடிவதற்குச் சற்று முன்னால் ஒரு பிள்ளை ஜன்னல் ஓரம் போய், காலி இடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைய பாடத்தைத் தன் வார்த்தையில் மெல்லிய குரலில் சொல்லும். அன்று சொல்லவேண்டிய பிள்ளை காலையிலிருந்தே கண் கொட்டாமல் பாடம் கேட்கும். புரியாவிட்டால் மறுபடி மறுபடி கேள்வி கேட்கும். பிறருக்குச் சொல்ல வேண்டும் என்ற பொறுப்பு வந்தபின் எந்தப் பிள்ளைக்கும் தூக்கம் வரவில்லை. கணக்கோடு நிற்காமல் தமிழ், விஞ்ஞானம், சிங்களம் எல்லாவற்றுக்கும் அதையே செய்தார்கள்.

ஒரு நாள் காலை கவிதாவுக்குப் பிறகு குரல் வரவில்லை. பிள்ளைகள் திகைத்தார்கள். "நேத்து பிரசாந்த் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டான், அதான் கோவிச்சிக்கிட்டா" என்று யோகேஸ்வரி சொன்னாள். அக்கா கொப்பியை வாங்கிப் பார்த்தார். உண்மையிலேயே பிழை இருந்தது. அக்காவே கவனிக்காமல் விட்ட பிழை. பிரசாந்த் முகம் வெளிறி, அந்தக் கணக்கைத் திரும்பச் செய்து, ஜன்னல் ஓரம் போய்த் திருத்திச் சொன்னான். மறுநாள் குரல் வந்தது. அவன் பெருமூச்சு விட்டது தினமும் வரவு முடியும்வரை படியில் நிற்கும் எனக்கே கேட்டது.

கீழ்த்தளத்தில் பேச்சு வேறு மாதிரி வளர்ந்தது. டீச்சர் செத்த பிள்ளையை வைத்துப் பாடம் நடத்துகிறார் என்று யாரோ கல்வி அலுவலகத்துக்கு முறைப்பாடு செய்தார்கள். ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர். கொப்பிகளைப் புரட்டிப் பார்த்து, "இவ்வளவு எழுதியிருக்கிறார்களே, இதில் என்ன முறைப்பாடு?" என்று கேட்டார். கொப்பிகளைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து, ஜன்னல் ஓரத்துக் காலி இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது.

"சேர், அங்க உக்காராதீங்க," என்றான் பிரசாந்த். மரியாதையாகத்தான் சொன்னான்.

அதிகாரி எல்லா முகங்களையும் பார்த்தார். மெதுவாக எழுந்தார், அக்காவிடம் தலையசைத்தார், படியிறங்கினார். என்னைக் கடந்து போனபோது அவருடைய காற்சட்டையின் பின்புறத்தைப் பார்த்தேன். ஈரமாக, செம்மண் அப்பியிருந்தது. அன்று நல்ல வெயில். முதல் நாளும் வெயில்தான். கூரை அந்தப் பக்கம் ஒழுகுவதும் இல்லை. அந்த முறைப்பாடு பற்றிப் பிறகு யாரும் அக்காவிடம் கேட்கவில்லை.

தர்ஷினியின் அம்மாவும் அதே பெக்டரியின் கீழ்த்தளத்தில்தான் இருந்தார். அவருக்கு வேறு பிள்ளை இல்லை. கணவர் முன்பே இறந்துவிட்டார். மண்சரிவு அன்று அவர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவர் காதுக்குக் குரல் விஷயம் போகக்கூடாது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் தறப்பாள் மறைப்புக்குள் எதை மறைக்க முடியும்?

ஒரு காலை, அக்கா இடாப்பைத் திறந்த நேரத்தில், அவர் படியேறி வந்தார். நான் வழிவிட்டேன். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. வகுப்பின் நடுவில் வந்து நின்றார். அக்காவின் கையில் பேனை நின்றுவிட்டது. இந்தத் தாய் என்ன கேட்டாலும் கேட்க உரிமை உள்ளவர் என்பது அக்காவுக்குத் தெரியும். கொப்பியைப் பற்றிய உண்மையை அவரிடம் அக்கா முன்பே போய்ச் சொல்லிவிட்டிருந்தார். அன்று அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

"பேர் கூப்புடுங்க டீச்சர்," என்றார் இப்போது. "நானும் கேக்குறேன்."

அக்கா கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் அவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது. "கவிதா." "உள்ளேன் டீச்சர்." அக்கா நிறுத்தினார். எல்லோரும் காத்திருந்தோம். கூரைத் தகரம் சத்தம் போட்டது. மூடுபனி ஜன்னல் வழியாக வந்து பலகையின் மேல் படிந்தது. குரல் வரவில்லை.

அந்த அம்மா எல்லா முகங்களையும் பார்த்தார். "எம்புள்ள வரலையா?" என்றார்.

பிரசாந்த் எழுந்து நின்றான். "வந்திருக்கா அத்த. நீங்க வந்து நிக்கிறீங்கல்ல, வெக்கப்படுறா."

அந்த அம்மாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்தேன். சிரிப்பு. "ஆமா, அவ அப்படித்தான். ஆளுங்க முன்னால பேசவே மாட்டா" என்றார். அதன் பிறகுதான் அழுதார். அக்கா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். இருவரும் தரையில் உட்கார்ந்து அழுததைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அழுது ஓய்ந்ததும் அவர், "என்ன படிச்சிருக்கா?" என்று கேட்டார். பிரசாந்த் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தான். ஒரு ரொட்டியை நாலாகப் பிய்த்தால் ஒரு துண்டு எவ்வளவு, எட்டாகப் பிய்த்தால் எவ்வளவு, இரண்டையும் சேர்த்தால் எவ்வளவு என்று சொல்லிக்கொடுத்தான். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எம்புள்ளைக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றார். "இப்போ நல்லாத் தெரியும் அத்த" என்றான் அவன்.

மறுநாளிலிருந்து அவரும் வகுப்புக்கு வந்தார். பின்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார். சில வாரங்களில் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினார். குரலும் வழக்கம்போல் வந்தது. அவர் மேலே இருக்கும் நேரத்தில் மட்டும் வந்ததில்லை.

வருட முடிவில் அந்தக் குடும்பங்களுக்குக் கீழே, தார் வீதியோரமாக, புது வீடுகள் கட்டி முடிந்தன. பிள்ளைகள் வேறு பாடசாலைக்குப் போக வேண்டும். பெக்டரியில் கடைசி நாள் நெருங்க நெருங்கப் பிள்ளைகள் மறுபடி வாடத் தொடங்கினார்கள். "நாங்க போயிட்டா அவ இங்க தனியா என்ன செய்வா?" என்று கவிதா கேட்டாள். பதில் சொன்னது அந்த அம்மாதான்.

"டீச்சர், எம்புள்ளைக்கு இம்புட்டுப் போதும். பாஸ் பண்ணி அனுப்பிச்சிருங்க."

கடைசி நாள் அவர் வேலைக்குப் போகாமல் கீழ்த்தளத்திலேயே, வாசற்பக்கம், மூட்டை முடிச்சுகளோடு நின்றுகொண்டார். மேலே அக்கா இடாப்பைத் திறந்து, கவிதாவுக்கும் யோகேஸ்வரிக்கும் இடையில் இருந்த வெள்ளை இடுக்கில் சின்னதாகப் பெயரை எழுதினார். பிறகு வரவு எடுத்தார். கவிதா பதில் சொன்னதும், அந்த ஒரு வருடத்தில் முதல் தடவையாக, வாய்விட்டுக் கூப்பிட்டார்.

"தர்ஷினி."

பதில் வந்ததா என்றுதான் என்னிடம் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள். வந்தது. ஜன்னல் ஓரத்திலிருந்து வரவில்லை. படியில் நின்றுகொண்டிருந்த என் தோளுக்குப் பக்கத்தில், என்னைத் தாண்டி இறங்குகிற பிள்ளை சொல்வதுபோல வந்தது. தொண்டை அடைப்பு இல்லாத, தெளிவான குரல். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். எனக்குக் கீழே இருந்த மரப்படிகள் ஒவ்வொன்றாக, அந்த அம்மா நின்ற வாசல் வரைக்கும், கிறீச்சென்று அமுங்கின.

அதன் பிறகு அந்தக் குரலை யாரும் கேட்கவில்லை.

புதுப் பாடசாலையிலும் அக்கா அதே முறையில்தான் கற்பித்தார். படிக்க மனமில்லாத பிள்ளை யாரும் வந்தால் திட்ட மாட்டார். அந்தப் பிள்ளையைவிடச் சின்னப் பிள்ளை ஒன்றைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்து, "இதுக்கு நீதான் சொல்லிக் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எல்லாப் பிள்ளையும் அதில் திருந்தியது என்று பொய் எழுத மாட்டேன். சிலர் இடையில் நின்று கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போனார்கள். அவர்களை நினைத்து அக்கா பல நாள் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். ஆனால் அந்த பெக்டரி வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் சாதாரண தரப் பரீட்சை வரை வந்தார்கள். யோகேஸ்வரி இன்று ஒரு பாலர் பாடசாலையில் கற்பிக்கிறாள். பிரசாந்த் வெலிமடையில் மரக்கறி வியாபாரம் செய்கிறான். கணக்கில் அவனை யாரும் ஏமாற்ற முடியாது.

அந்தக் குரல் யாருடையது என்று ஒரு முறை அக்காவிடம் கேட்டேன். "தெரியாதுடா" என்றார். "எந்தப் புள்ளையாவது வாய் அசைக்காம சொல்லியிருக்கலாம். வேற ஏதாச்சும் இருக்கலாம். யாருன்னு தேடிக்கிட்டே இருந்திருந்தா அந்த வருஷம் பாடம் நடந்திருக்காது."

அக்காவுக்கு நோய் கண்டது சென்ற வருடத்துக்கு முந்திய வருடம். வயிற்றில் வந்த கட்டி, பரவிய பிறகுதான் தெரிந்தது. பதுளையில் என் வீட்டில் வைத்துப் பார்த்தோம். வலியிலும் அவர் யாரையும் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆஸ்பத்திரியில் அக்காவை "டீச்சர்" என்றே அழைத்துக் கவனித்த தாதிமார், வைத்தியர்கள். இரத்தம் கொடுக்க ஓடிவந்த ஆட்டோ நண்பர்கள். மொனராகலையிலிருந்து வெயிலோடு வந்து, எங்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு நாள் கணக்கில் உடனிருந்த சித்தப்பா குடும்பத்தினர். இறுதி ஊர்வலத்தில் மாறி மாறித் தோள் கொடுத்த அக்காவின் மாணவர்கள். பந்தல் போட்டவர்கள், சமைத்தவர்கள், தூரத்திலிருந்து தொலைபேசியில் அழுதவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அவருக்கு நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வார். தர்ஷினியின் அம்மா, அக்கா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து புது வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, அக்காவைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, தலை சீவிவிட்டார். சொந்தத் தங்கை இருந்திருந்தாலும் அப்படிச் செய்திருப்பாரோ தெரியாது. கடைசி நாள் மத்தியானம் அந்த அம்மா காலைத் தடவிக்கொண்டிருந்தபோது அக்கா கண் திறந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"நான் போறேன்," என்றார் அக்கா. "உங்க புள்ளைக்கு ஏதாவது சொல்லணுமா?"

அந்த அம்மா தடவுவதை நிறுத்தவில்லை.

"ஒண்ணும் சொல்ல வேணாம் டீச்சர்," என்றார். "சாப்புட்டாளான்னு மட்டும் கேளுங்க."

இப்படிக்கு,
அக்காவின் தம்பியும் குடும்பத்தாரும்,
பதுளை.